முப்பது நாள், முப்பது சதவீதம்: கருப்புப் பூஞ்சையில் எழுதப்படாத கணக்கு

2021 ஜூன் 28 அன்று, அப்போதைய ஒன்றிய சுகாதார அமைச்சர் அமைச்சர்கள் குழுவின் முன் ஒரு கணக்கை வைத்தார். அதுவரை நாட்டில் 40,845 பேருக்கு மியூகோர்மைகோசிஸ் எனப்படும் கருப்புப் பூஞ்சை நோய் கண்டிருந்தது. அவர்களுள் 85.5 சதவீதத்தினர் கொரோனாவுக்கு ஆளானவர்கள்; 64.11 சதவீதத்தினர் நீரிழிவு உள்ளவர்கள், 52.69 சதவீதத்தினர் ஸ்டீராய்டு மருந்து பெற்றவர்கள். இறந்தோர் 3,129 பேர். வயதுக் கணக்கும் அதில் இருந்தது. 18 முதல் 45 வயது வரையிலானோர் 32 சதவீதம். 45 முதல் 60 வரையிலானோர் 42 சதவீதம். நோயுற்றவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் உழைத்துக் குடும்பத்தைத் தாங்கும் வயதில் இருந்தவர்கள் என்பது இதன் பொருள். அடுத்த மாதம் நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்ட எண்ணிக்கை 45,374, இறப்பு 4,332.

வயது, மாநிலம், நீரிழிவு, மருந்து என எல்லாம் இருந்த அந்தக் கணக்கில் இரண்டு கட்டங்கள் மட்டும் இல்லை. நோயாளி என்ன வேலை செய்தார் என்பது இல்லை. அவர் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் என்பதும் இல்லை. எனவே கண்ணையும் மேல்தாடையையும் இழந்தவர்களில் தலித்துகள் எத்தனை பேர், தூய்மைப் பணியாளர்கள் எத்தனை பேர், விவசாயக் கூலிகள் எத்தனை பேர் என்பதை எண் காட்டி எவராலும் நிறுவ முடியாது. தலித்துகளே மிகுதியாகப் பாதிக்கப்பட்டனர் என்று சான்றின்றி முழங்குவதும் நம் வேலையன்று. ஆனால் இந்த நோய் எப்படி உண்டாகிறது, எப்படிக் குணப்படுத்தப்படுகிறது என்பதைப் படிப்படியாகப் பின்தொடர்ந்தால், ஒவ்வொரு படியிலும் ஒரு சமூக வசதி முன்நிபந்தனையாக நிற்பதைக் காணலாம். அந்த வசதிகள் இந்நாட்டில் எப்படிப் பங்கிடப்பட்டுள்ளன என்பது நமக்குத் தெரியாததல்ல.

முதலில் பெயரிலிருந்தே தொடங்குவோம். இந்தப் பூஞ்சை கருப்பு நிறமுடையதன்று. அது இரத்த நாளங்களுக்குள் நுழைந்து அவற்றை அடைத்துவிடும். இரத்தம் எட்டாத திசு செத்துக் கருகும். கருமை அந்தச் செத்த சதையின் நிறம். ரைசோபஸ் முதலிய இந்தப் பூஞ்சைகளின் நுண்வித்துகள் மண்ணிலும் அழுகும் காய்கறியிலும் காற்றிலும் எங்கும் உள்ளன. குளிரூட்டிய அறையில் இருப்பவரும் குப்பைக் கிடங்கில் நிற்பவரும் அவற்றை நாள்தோறும் சுவாசிக்கிறார்கள். நலமாக உள்ளவரின் வெள்ளணுக்கள் அவற்றை உடனே அழித்துவிடுகின்றன. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இந்நோய் தொற்றுவதில்லை.

இதை இவ்வளவு விளக்கமாகச் சொல்லக் காரணம் உண்டு. 2021 மே மாதத்தில் தொலைக்காட்சிகளிலும் வாட்ஸ்அப்பிலும் இந்நோய்க்குச் சொல்லப்பட்ட முதற்காரணம் ‘அழுக்கு’. துவைக்காத முகக்கவசம், ஈரம் கசியும் வீடு, சுத்தமில்லாத சுற்றுப்புறம் ஆகியவையே காரணம் என்று வல்லுநர்கள் என அறிமுகப்படுத்தப்பட்ட பலரும் பேசினர். முகக்கவசத்தைத் துவைத்து அணிவது நல்லதுதான். ஆனால் நோயின் பழியை நோயாளியின் ‘அசுத்தத்தின்’ மீது ஏற்றுவது இந்தச் சமூகத்துக்கு மிகப் பழகிய செயல். அதன் வேர் எங்கே உள்ளது என்பதை இத்தளத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதே மே மாதத்தில் குஜராத்தில் சிலர் கொரோனாவுக்கு மருந்தெனப் பசுஞ்சாணத்தை உடம்பில் பூசிக்கொண்டதையும் மருத்துவர்கள் எச்சரித்ததையும் செய்தி நிறுவனங்கள் பதிவு செய்தன. அது ‘அழுக்கு’ என்று எந்த விவாதத்திலும் பேசப்படவில்லை என்பதை மட்டும் குறித்துவிட்டு நகர்வோம்.

எங்கும் உள்ள பூஞ்சை சிலரை மட்டும் தாக்குவதேன்? இரத்தத்தில் சர்க்கரை மிகுந்து, அமிலத்தன்மை கூடும்போது, புரதங்களோடு பிணைந்திருக்கும் இரும்புச்சத்து விடுபடுகிறது. பூஞ்சை வளர அந்த இரும்பு வேண்டும். மிகை சர்க்கரை வெள்ளணுக்களின் செயலையும் மந்தமாக்குகிறது. ஸ்டீராய்டு இரண்டையும் ஒருசேரச் செய்கிறது: சர்க்கரையை ஏற்றுகிறது, நோயெதிர்ப்பை அடக்குகிறது. கொரோனா தன் பங்குக்கு இரத்த நாளங்களின் உட்சுவரைக் காயப்படுத்தி வைத்திருக்கிறது. இம்மூன்றும் ஒரே உடலில் ஒரே வாரத்தில் சந்தித்தபோதுதான் கருப்புப் பூஞ்சை பெருகியது. பெருந்தொற்றுக்கு முன்பும் வளர்ந்த நாடுகளைவிட இந்தியாவில் இந்நோய் பல பத்து மடங்கு மிகுதி என்பது பூஞ்சையியல் அறிஞர்களின் மதிப்பீடு. கட்டுப்படாத நீரிழிவே அதற்கு முதன்மைக் காரணம்.

நீரிழிவு என்றதும் ‘பணக்காரர் நோய்’ என்ற பழைய எண்ணம் குறுக்கே வரும். அந்த எண்ணம் காலாவதியாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 15 மாநிலங்களில் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2017இல் வெளியாயின. பொருளாதாரத்தில் முன்னேறிய மாநிலங்களின் நகர்ப்புறங்களில் வசதி படைத்தவர்களைவிட வசதி குறைந்தவர்களிடமே நீரிழிவு மிகுதி என்று அது கண்டது. அப்படிக் கண்ட இடங்களில் தமிழ்நாடும் ஒன்று. நீரிழிவு இருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர், ஆய்வாளர் வந்து இரத்தம் எடுத்த அன்றுதான் தமக்கு அந்நோய் இருப்பதையே அறிந்தனர். ரேஷன் அரிசியை மூன்று வேளையும் உண்டு, பருப்புக்கும் காய்க்கும் கணக்குப் பார்க்கும் வீடுகளில் இது நேர்வதில் வியப்பில்லை. அண்ணல் அம்பேத்கரே தம் இறுதி ஆண்டுகளை நீரிழிவோடும் மங்கிய பார்வையோடும் போராடிக் கழித்தவர் என்பதை நம் மேடைகள் அரிதாகவே நினைவுகூர்கின்றன.

2021இல் பூஞ்சை நோயோடு மருத்துவமனைக்கு வந்த பிறகே தமக்கு நீரிழிவு இருந்ததை அறிந்தவர்கள் பலர். கொரோனாவுக்குச் சிகிச்சை பெற்ற நாட்களில் அவர்களது சர்க்கரையை யாரேனும் நாள்தோறும் பார்த்திருந்தால், ஸ்டீராய்டு கொடுத்தபோதே இன்சுலினும் கொடுத்திருந்தால், அவர்களில் பலருக்கு இந்நோய் வந்தே இருக்காது. விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு இரத்தம், ஒரு கீற்று. தடுப்பு என்பது இவ்வளவுதான். அந்தக் கீற்றை ஒரு நாளில் நான்கு முறை செலவழிக்க ஒரு நோயாளி தகுதியானவர் என்று யாராவது நினைத்திருக்க வேண்டும்.

ஸ்டீராய்டின் கதையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அது நஞ்சன்று. 2020 ஜூனில் பிரிட்டனின் ‘ரெக்கவரி’ ஆய்வு, டெக்சாமெத்தசோன் என்னும் மலிவான மருந்து கொரோனாவில் உயிர் காக்கும் என்று நிறுவியது. செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தவர்களின் இறப்பை அது மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கு குறைத்தது. நாளொன்றுக்கு 6 மில்லிகிராம், கூடினால் 10 நாள். அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு இம்மருந்தால் பயனில்லை; தீங்குக்கான அறிகுறியும் தென்பட்டது. ஏழைகளுக்கு எட்டும் விலையில் பெருந்தொற்றுக் காலத்தில் கிடைத்த மிகச் சில நல்ல செய்திகளில் ஒன்று அது.

அந்த நற்செய்தியின் முற்பாதி மட்டுமே ஊருக்கு வந்தது. இரண்டாம் அலையில் படுக்கை இல்லை, ஆக்சிஜன் இல்லை, கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. கையில் எஞ்சியது ஒரு மருந்துச் சீட்டின் புகைப்படம். ஒருவருக்கு எழுதிய சீட்டில் தெருவே மாத்திரை வாங்கியது. காய்ச்சல் கண்ட முதல் நாளிலேயே, ஆக்சிஜன் அளவு சரியாக இருந்தபோதே, ஸ்டீராய்டு தொடங்கப்பட்டது, அளவு கூட்டப்பட்டது, மூன்று வாரம் வரை நீடித்தது. லேசான நோய்க்கு ஸ்டீராய்டு கூடாது, அது கேடு என்று ஒன்றிய அரசின் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநரகம் தெளிவாக எழுதியபோது அலை தணியத் தொடங்கியிருந்தது. இந்தியாவின் 16 மருத்துவ மையங்களில் 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை 287 பூஞ்சை நோயாளிகளை ஆராய்ந்த ஒரு குழு, முறையற்ற ஸ்டீராய்டு பயன்பாட்டையும் ஆக்சிஜன் குறைவையும் கொரோனாவுக்குப் பிந்தைய பூஞ்சை நோயின் தனிக் காரணிகளாகக் கண்டது. அந்த நான்கு மாதங்களிலேயே நோய் முந்தைய ஆண்டின் இதே காலத்தைவிட 2.1 மடங்கு பெருகியிருந்தது. ஆக, எச்சரிக்கை இரண்டாம் அலைக்கு முன்பே நோயாளிகளின் உடல்களில் எழுதப்பட்டிருந்தது.

‘தானாக மருந்து வாங்கித் தின்றார்கள்’ என்ற குற்றச்சாட்டைக் கேட்கும்போதெல்லாம் ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது. மருத்துவரைப் பார்க்க முடியாத ஒருவர் மருந்துக்கடைக்காரரைப் பார்ப்பது அறியாமையா? அவருக்குத் திறந்திருந்த ஒரே கதவு அதுதான்.

இனி சிகிச்சைக்கு வருவோம். கொரோனா கண்ட இரண்டு, மூன்று வாரங்களில், பெரும்பாலும் காய்ச்சல் நின்று வீடு திரும்பிய பிறகு, இந்நோய் தலைகாட்டும். மூக்கு ஒரு பக்கம் அடைக்கும். கருமையான அல்லது இரத்தம் கலந்த சளி வரும். கன்னத்தில் ஒரு பக்கம் மட்டும் வலி, மரத்துப்போதல், வீக்கம். மேல்வரிசைப் பல் வலிக்கும், ஆடும். கண் வீங்கும், இமை தாழும், பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரியும். மேலண்ணத்தில் கரும்புள்ளி தோன்றும். மூக்கிலிருந்து சைனஸ், சைனஸிலிருந்து கண், கண்ணிலிருந்து மூளை எனப் பூஞ்சை நகரும் வேகம் நாட்களில் அளக்கத்தக்கது. இரத்தப் புற்றுநோயாளிகளிடம் செய்யப்பட்ட, 2008இல் வெளியான ஓர் ஆய்வில், மருந்து தொடங்க 6 நாளோ அதற்கு மேலோ தாமதமானவர்களில் 82.9 சதவீதத்தினர் 12 வாரத்துக்குள் இறந்தனர். உடனே தொடங்கியவர்களில் 48.6 சதவீதம். ஆறே நாள்.

கூலி வேலைக்குப் போகும் ஒருவருக்கு அந்த ஆறு நாள் எப்படிக் கழியும் என்று எண்ணிப் பாருங்கள். முதல் நாள் பல்வலிக்கு மாத்திரை. கொரோனாவில் பதினைந்து நாள் கூலி ஏற்கெனவே போயிருக்கும். ஆகவே வலியோடு வேலை. மூன்றாம் நாள் உள்ளூரில் ஓர் ஊசி, அதில் இன்னொரு ஸ்டீராய்டும் இருக்கலாம். ஐந்தாம் நாள் கண் வீங்கிய பிறகு ஆரம்ப சுகாதார நிலையம். அங்கிருந்து வட்டத் தலைநகர் மருத்துவமனை. அங்கிருந்து பரிந்துரைச் சீட்டு. இந்நோயை உறுதிசெய்ய மூக்கினுள் உள்நோக்கிக் கருவியைச் செலுத்திச் சதையை எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும், ஸ்கேன் வேண்டும். காது மூக்கு தொண்டை, கண், முகத்தாடை, நரம்பியல் அறுவை மருத்துவர்கள், மயக்க மருந்தியலாளர், நுண்ணுயிரியலாளர் ஆகியோர் ஒரே கட்டடத்தில் இருக்க வேண்டும். நடைமுறையில் அது மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான்.

தமிழ்நாடு இந்த வகையில் பல மாநிலங்களைவிட மேம்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் நாகப்பட்டினம், கள்ளக்குறிச்சி, அரியலூர், இராமநாதபுரம், விருதுநகர், திருவள்ளூர் உள்ளிட்ட 11 மாவட்டங்களின் புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டது 2022 ஜனவரி 12இல். கருப்புப் பூஞ்சை உச்சத்தில் இருந்த 2021 மே, ஜூனில் அம்மாவட்டத்தவர் ஊரடங்கின் நடுவே, பேருந்து ஓடாத சாலையில், பக்கத்து மாவட்டத்துக்குப் போக வேண்டியிருந்தது. தலித் மக்கள்தொகை அடர்ந்த மாவட்டங்கள் இவற்றுள் எவை என்பதை வாசகர்களே அறிவர்.

நோய் உறுதியான பின் செய்ய வேண்டியவை மருத்துவ உலகுக்குத் தெரியாதவையல்ல. 2019இல் வெளியான உலகளாவிய வழிகாட்டுநெறி தெளிவாகவே சொல்கிறது: செத்த சதையை விரைந்து, வேண்டுமானால் மீண்டும் மீண்டும், வெட்டி அகற்ற வேண்டும், லிப்போசோமல் ஆம்போடெரிசின் பி என்ற மருந்தை முழு அளவில் முதல் நாளிலிருந்தே செலுத்த வேண்டும், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து ஸ்டீராய்டைக் குறைக்க வேண்டும். அறுவை ஏன் தவிர்க்க முடியாதது என்பதும் எளிதில் விளங்கும். இரத்தம் ஓடாத சதைக்கு இரத்தவழி செல்லும் மருந்து போய்ச் சேராது. வெட்டாமல் மருந்து மட்டும் ஏற்றினால் பூஞ்சை செத்த சதைக்குள் பாதுகாப்பாக இருக்கும்.

மருந்தின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் ஒரு நாளைக்கு. மூளையை எட்டிவிட்டால் 10 வரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 300 மில்லிகிராம். குப்பி ஒன்றில் 50 மில்லிகிராம். ஆக, நாளுக்கு 6 குப்பி. மூன்று வாரத்துக்கு 126 குப்பி. அந்நாளில் கடையில் ஒரு குப்பி ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் விற்றது; கள்ளச்சந்தையை விட்டுவிடுவோம். 5,000 என்றே வைத்தாலும் 6,30,000 ரூபாய். 2021-22இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் ஒருநாள் கூலி 273 ரூபாய். மருந்துக்கு மட்டும் 2,307 நாள் கூலி. ஆண்டுக்கு நூறு நாளும் முழுதாக வேலை கிடைத்தால் 23 ஆண்டு. இதன்பின் 2021 ஜூன் 12 அன்று சரக்கு மற்றும் சேவை வரிக் குழு இம்மருந்தின் மீதான 5 சதவீத வரியை நீக்கியது. நமது கூலியாளுக்கு அதனால் ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட நூறு நாள் வேலை மிச்சம்.

அரசு மருத்துவமனையில் இம்மருந்து இலவசந்தானே என்று கேட்கலாம். இருந்தபோது இலவசம். ஆனால் நாடே தட்டுப்பாட்டில் இருந்தது. ஒன்றிய அரசு குப்பிகளை மாநிலங்களுக்குப் பங்கிட்டது. மேலும் ஐந்து நிறுவனங்களுக்கு உற்பத்தி உரிமம் தரப்பட்டதே மே மாதப் பிற்பகுதியில்தான். மருந்து போதாத நிலையில் யாருக்கு முதலில் தருவது என்ற கேள்வி 2021 ஜூன் 1 அன்று டெல்லி உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. இளையோருக்கு முன்னுரிமை தரும் வகையில் கொள்கை வகுக்குமாறு நீதிமன்றம் ஒன்றிய அரசிடம் கூறியது. வேதனையான, ஆனால் வெளிப்படையான ஒரு விவாதம் அது. பெரும்பாலான இடங்களில் அந்த முடிவு வெளிப்படையாக எடுக்கப்படவில்லை; யாருக்கு யாரைத் தெரியும் என்பதே வரிசையைத் தீர்மானித்தது. தொலைபேசியில் அழைத்துக் கேட்க ஓர் அதிகாரியோ, உறவில் ஒரு மருத்துவரோ, சாதிச் சங்கத்தில் ஒரு சட்டமன்ற உறுப்பினரோ இல்லாதவர்களின் பெயர் அந்த வரிசையில் எங்கே இருந்திருக்கும்?

இதற்கொரு மாற்று இருந்தது. ஆம்போடெரிசினின் பழைய வடிவம் பல மடங்கு மலிவு. ஆனால் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். செலுத்தும்போது குளிரும் நடுக்கமும் வரும். அதைப் பாதுகாப்பாகத் தருவது முடியாத காரியமன்று. முன்னதாக உப்புநீர் ஏற்ற வேண்டும். மருந்தை நான்கைந்து மணி நேரம் மெல்ல மெல்லச் செலுத்த வேண்டும். பொட்டாசியத்தையும் கிரியேட்டினினையும் அடிக்கடி பார்த்து அளவைத் திருத்த வேண்டும். அதாவது மலிவான மருந்துக்கு விலையுயர்ந்த கவனிப்பு தேவை. அந்தக் கவனிப்பின் பெயர் செவிலியர், ஆய்வக நுட்பநர். தமிழ்நாட்டில் கொரோனாக் காலத்தில் ஒப்பந்த முறையில் அமர்த்தப்பட்ட 2,300க்கும் மேற்பட்ட செவிலியரின் பணி 2022 டிசம்பர் 31 அன்று முடித்துவைக்கப்பட்டதும், புத்தாண்டில் அவர்கள் தெருவில் அமர்ந்து போராடியதும் நினைவிருக்கலாம். அந்த வேலைநீக்கத்தைப் பலரும் ஒரு தொழிலாளர் பிரச்சினையாக மட்டுமே பார்த்தார்கள். அடுத்த தொற்றில் மலிவான மருந்தை ஏழைக்குப் பாதுகாப்பாகத் தரும் திறனும் அன்றே வெளியேற்றப்பட்டது.

மருத்துவமனையைவிட்டு வந்த பிறகும் சிகிச்சை முடிவதில்லை. பொசகொனசோல் மாத்திரை வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் தொடர வேண்டும். ஸ்கேன் மீண்டும் எடுக்க வேண்டும். சர்க்கரை ஏறினால் நோய் திரும்பும். மேல்தாடை அகற்றப்பட்டவர் விழுங்கும் கஞ்சி மூக்கில் வரும், பேச்சு குழறும், அண்ணத்தை அடைக்கும் செயற்கைத் தட்டு பொருத்தும் வரை கூட்டத்தில் உண்ண முடியாது. ஒரு கண் போனவருக்கு ஆழம் தெரியாது: சாரத்தில் ஏறும் கொத்தனாருக்கும், மூடி திறந்த சாக்கடையோரம் நிற்கும் தூய்மைப் பணியாளருக்கும் அது வெறும் தோற்றக் குறையன்று.

அரசின் சட்டங்கள் இவர்களை எப்படி அளந்தன என்பதுதான் இக்கட்டுரையின் தலைப்பிலுள்ள இரண்டு எண்கள்.

முதலாவது, முப்பது நாள். கொரோனாவால் இறந்தோர் குடும்பத்துக்கு நிவாரணம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 30 அன்று தீர்ப்பளித்தது. அதன்படி 50,000 ரூபாய் நிர்ணயிக்கப்பட்டது. எது கொரோனா இறப்பு என்பதற்கு 2021 செப்டம்பரில் வந்த வழிகாட்டுதல், பரிசோதனை செய்த நாளிலிருந்து 30 நாளுக்குள் நேர்ந்த இறப்பு என்று வரையறுத்தது. அதற்குப் பிந்தைய இறப்பென்றால், நோயாளி இடையில் வீடு திரும்பாமல் அதே சேர்க்கையில் மருத்துவமனையில் தொடர்ந்திருக்க வேண்டும். பூஞ்சை நோயின் நாட்காட்டி வேறு. அது வருவதே பெரும்பாலும் வீடு திரும்பிய பிறகு. மேலே சொன்ன 16 மைய ஆய்வில், பூஞ்சை நோயாளிகளில் 6ஆவது வாரத்தில் 38.3 சதவீதமாக இருந்த இறப்பு 12ஆவது வாரத்தில் 45.7 சதவீதமாக உயர்ந்தது. கொரோனா வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டு, பூஞ்சையோடு மீண்டும் சேர்ந்து, ஐம்பதாம் நாள் இறந்த ஒருவர் இந்த வரையறைக்கு வெளியே விழுகிறார். சான்றிதழில் கொரோனா என்று எழுதப்படவில்லை என்பதற்காக மட்டும் நிவாரணத்தை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் சொன்னது. முறையிட மாவட்டந்தோறும் குழுவும் அமைக்கச் செய்தது. ஆனால் முறையிட ஆவணம் வேண்டும். முதற்சேர்க்கையின் சீட்டு, கொரோனாப் பரிசோதனை முடிவு, சதைப் பரிசோதனை அறிக்கை ஆகிய மூன்றையும் பாதுகாத்து வைத்திருந்த குடிசைகள் எத்தனை?

இரண்டாவது, முப்பது சதவீதம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 தரும் கல்வி, வேலை ஒதுக்கீடுகளுக்குக் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு இருக்க வேண்டும். 2018இல் வெளியான மதிப்பீட்டு வழிகாட்டுதலின்படி, ஒரு கண் முழுதும் பறிபோய் மறு கண் நன்றாக இருப்பவரின் குறைபாடு 30 சதவீதம். பூஞ்சை நோய்க்காகக் கண்ணையே குடைந்தெடுத்தவர்களும் இந்த அளவுகோலின்கீழ்தான் வருகிறார்கள். ஒன்றரை மாதம் மருத்துவமனையில் கிடந்து, முகத்தின் ஒரு பாதியை இழந்து உயிரோடு வந்த கட்டடத் தொழிலாளிக்கு, பார்வைக் குறைபாட்டின் கணக்கில் அரசு சொல்லும் பதில்: இன்னும் பத்து சதவீதம் குறைகிறது.

இவையெல்லாம் கடந்துபோன பெருந்தொற்றின் பழங்கதை என்று ஒதுக்கவும் முடியாது. கடும் இன்ஃபுளுயன்சாவில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்களை ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற இன்னொரு பூஞ்சை தாக்குவதை ஐரோப்பிய மருத்துவர்கள் கொரோனாவுக்கு முன்பே பதிவு செய்துள்ளனர். 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை டெல்லியின் ஒரு கொரோனா தீவிர சிகிச்சைப் பிரிவில், இரத்தத்தில் கேண்டிடா பூஞ்சை கலந்த 15 பேரில் 10 பேரிடம் இருந்தது, பல மருந்துகளுக்கும் கட்டுப்படாத கேண்டிடா ஆரிஸ். அந்தப் பத்துப் பேரில் ஆறு பேர் இறந்தனர். 2022 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் முதன்முறையாக வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலில் கேண்டிடா ஆரிஸ் உச்சநிலைப் பிரிவிலும், கருப்புப் பூஞ்சை வகைகள் அதற்கடுத்த பிரிவிலும் வைக்கப்பட்டன. ஒவ்வொரு காய்ச்சல் பருவத்திலும் நம் ஊர்க் கடைகளில் ஸ்டீராய்டு மாத்திரை எப்போதும்போல் சீட்டின்றிக் கிடைக்கிறது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசலில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்து மாத்திரை தருகிறது. மேலே பின்தொடர்ந்த சங்கிலியின் முதற் கண்ணியையே அது பிடிக்கிறது என்பதால் வரவேற்கத்தக்கது. அது ஊரோடு நிற்கிறதா, சேரிக்கும் அதே ஒழுங்கில் வருகிறதா, வேலைக்குப் போய்விட்ட பெண்களின் வீட்டுக் கதவை மாலையில் மீண்டும் தட்டுகிறதா என்பதைத் தரவு கொண்டுதான் சொல்ல முடியும். ஒன்பது மாநிலங்களின் தரவைக் கொண்டு 2022இல் வெளியான ஓர் ஆய்வு, உயர்சாதி இந்துக்களைவிடத் தலித்துகளின் ஆயுள் மூன்று ஆண்டுக்கு மேலும் ஆதிவாசிகளின் ஆயுள் நான்கு ஆண்டுக்கு மேலும் குறைவு என்று காட்டியது. பொருளாதார வேறுபாடு அந்த இடைவெளியில் பாதியைக்கூட விளக்கவில்லை என்றும் சொன்னது. அந்த ஆய்வைச் செய்ய முடிந்ததே, அதற்கு அடிப்படையான கணக்கெடுப்பில் சமூகம் என்ற கட்டம் இருந்ததால்தான்.

கருப்புப் பூஞ்சை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக 2021 மே மாதமே ஆக்கப்பட்டது. எனவே ஒவ்வொரு நோயாளியின் பெயரும் முகவரியும் மாவட்டச் சுகாதார அலுவலகங்களின் பதிவேடுகளில் உள்ளன. மருத்துவமனைகளின் நோயாளர் கோப்புகளும் உள்ளன. பெயர்களை மறைத்துவிட்டு, தொழில்வாரியாகவும் சமூகவாரியாகவும் அவர்கள் இன்று எப்படி இருக்கிறார்கள் என்று கணக்கெடுக்க அரசுக்கு ஒரு புதிய சட்டமும் தேவையில்லை. பொது சுகாதாரம், சமூகப்பணி, சட்டம் படிக்கும் மாணவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் இரண்டு கேள்விகளை இப்போதே அனுப்பலாம்: 30 நாள் வரையறையால் நிராகரிக்கப்பட்ட பூஞ்சை நோய் நிவாரண மனுக்கள் எத்தனை, ஒரு கண் இழந்து 30 சதவீதச் சான்றிதழோடு திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர்.